மேலே போடும் மருந்து

வயலில் நெல் அறுக்கிறார்கள். களத்தில் கதிர் அடிக்கிறார்கள். ஒரு அம்மாவின் கண்ணில் நெல்லின் சுணை பட்டுவிடுகிறது. கண் உறுத்துகிறது. நீர் வடிகிறது. அவர் கண்ணைக் கசக்குகிறார். பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார்:

"விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடு, சரியாகிவிடும்."

இன்னொரு வீட்டில் ஒரு இளைஞருக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. அவர் கடைக்குப் போகிறார். "அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுங்கள்" என்கிறார். கடைக்காரரும் ஒரு டியூப் எடுத்துக் கொடுக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள். "மாத்திரையா விழுங்குகிறோம்? ஊசியா போடுகிறோம்? மேலேதானே போடுகிறோம். அதனால் என்ன வந்துவிடும்?"

மேலே போடும் மருந்தும் உள்ளே போகிறது. எவ்வளவு போகிறது, எந்த வழியில் போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை வைத்துத்தான் அது நன்மை செய்கிறது. தவறினால் தீமை செய்கிறது. அந்த வழியைத் தெரிந்துகொண்டால் நம் தோலையும் காப்பாற்றலாம். கண்ணையும் காப்பாற்றலாம்.

தோல் ஒரு சுவர்

நம் உடம்பை மூடியிருப்பது தோல். மழையில் நனைந்தால் தண்ணீர் உள்ளே போவதில்லை. வெயிலில் நின்றாலும் உடம்பு ஈரம் முழுவதும் வற்றிப் போவதில்லை. தோல் சுவர் போல நின்று தடுக்கிறது.

இந்தத் தோலில் பல அடுக்குகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது செத்த செல்களால் ஆன அடுக்கு. செல் என்றால் உடம்பைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய துகள். செங்கல் சுவர் கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். செங்கற்களுக்கு நடுவே கலவை பூசுவார்கள். இங்கே செத்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் கலவை.

இந்தச் சுவர் மிக மெல்லியது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஆனால் மிகவும் வலுவானது. பெரும்பாலான பொருள்களை அது உள்ளே விடுவதில்லை.

அப்படியானால் களிம்பில் உள்ள மருந்து எப்படி உள்ளே போகிறது? செங்கல்லுக்கு நடுவே உள்ள கொழுப்பு வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. அதற்கு மருந்தின் துகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கொழுப்பில் ஓரளவு கரைய வேண்டும். பெரிய துகள்கள் வெளியிலேயே நின்றுவிடும். சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின் பெரிய துகள். அதனால்தான் அதைக் களிம்பாகத் தடவ முடிவதில்லை. ஊசியாகப் போடுகிறார்கள்.

எல்லா இடமும் ஒன்றல்ல

வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் இருக்கலாம். தோலும் அப்படித்தான்.

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. ஒரே மருந்தை உடம்பின் பல இடங்களில் தடவினார்கள். ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் 1 பங்கு போனது என்று வைத்துக்கொள்வோம். நெற்றியில் 6 பங்கு போனது. ஆண்களின் விதைப்பைத் தோலில் 42 பங்கு போனது. உள்ளங்காலில் முன்கையில் போனதில் ஏழில் ஒரு பங்குதான் போனது.

அதே மருந்து, அதே ஆள். இடம் மாறினால் அளவு இத்தனை மாறுகிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? காலுக்குக் கொடுத்த களிம்பை முகத்தில் தடவக் கூடாது. பெரியவருக்குக் கொடுத்ததைக் குழந்தைக்குத் தடவக் கூடாது. குழந்தையின் தோல் மென்மையானது. உடம்பும் சிறியது. அதனால் மருந்து இரத்தத்தில் அதிகமாகச் சேரும். புண்பட்ட தோலிலும் மருந்து அதிகமாக உள்ளே போகும். அங்கே சுவர் இடிந்து கிடக்கிறது.

களிம்பு, கிரீம், லோஷன்

மருந்துக் கடையில் ஒரே மருந்து பல வடிவங்களில் இருக்கும். ஏன் இத்தனை வடிவங்கள்?

களிம்பில் எண்ணெய்ப் பசை அதிகம். அது தோலை மூடிக்கொள்ளும். தோலின் ஈரம் வெளியே போகாது. ஈரத்தில் ஊறிய தோல் மருந்தை எளிதாக உள்ளே விடும். வறண்டு, தடித்து, வெடித்த தோலுக்கு இது நல்லது.

கிரீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தது. பிசுபிசுப்பு குறைவு. நீர் கசியும் இடத்துக்கும், தோல் மடிப்புகளுக்கும் ஏற்றது.

லோஷன் தண்ணீர் போல ஓடும். தலை போன்ற முடி உள்ள இடங்களில் தடவ எளிது.

ஆகவே மருந்தின் பெயர் மட்டும் போதாது. எந்த வடிவம் என்பதும் முக்கியம். மருத்துவர் களிம்பு என்று எழுதினால் களிம்புதான் வாங்க வேண்டும்.

எவ்வளவு தடவுவது? இதற்கு ஒரு எளிய அளவு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை ஒரு வரி பிதுக்க வேண்டும். இது சுமார் அரை கிராம். பெரியவர் ஒருவரின் இரண்டு கைகளையும் விரித்து வைத்தால் எவ்வளவு இடம் வருமோ, அவ்வளவு இடத்துக்கு இது போதும். அப்பளம் போலத் தடிப்பாக அப்பினால் நோய் சீக்கிரம் போகாது. மருந்துதான் வீணாகும்.

தோலில் ஒட்டும் மருந்து

தோலின் வழியாக மருந்து உள்ளே போகும் என்று தெரிந்த பிறகு விஞ்ஞானிகள் இன்னொன்றை யோசித்தார்கள். தோல் நோய்க்கு மட்டும்தானா இந்த வழி? வேறு நோய்க்கும் தோல் வழியாக மருந்து கொடுக்க முடியாதா?

அப்படிப் பிறந்ததுதான் ஒட்டு மருந்து. பார்ப்பதற்கு காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போல இருக்கும். அதற்குள் மருந்து இருக்கும். மருந்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். மண்பானையில் நீர் கசிவது போல.

முதல் ஒட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அது பயணத்தில் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்து. காதுக்குப் பின்னால் ஒட்டுவார்கள். அங்கே தோல் மருந்தை நன்றாக உள்ளே விடும். ஒரு ஒட்டு மூன்று நாள் வேலை செய்யும்.

பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கத்தை விட விரும்புவோருக்கு நிக்கோட்டின் ஒட்டு இருக்கிறது. இது நம் நாட்டிலும் கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். பயன்படுத்திய ஒட்டிலும் மருந்து மீதி இருக்கும். அதை மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் போட வேண்டும்.

ஒரு சொட்டு எங்கே போகிறது?

இப்போது கண்ணுக்கு வருவோம்.

கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுகிறோம். முழுச் சொட்டும் கண்ணுக்குள் போய்விட்டது என்று நினைக்கிறோம். ஆனால் கண்ணில் அவ்வளவு இடம் இல்லை. கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர், ஒரு பெரிய சொட்டில் ஏழில் ஒரு பங்குதான். சொட்டு விழுந்ததும் கண் இமைக்கிறது. மருந்தில் ஒரு பகுதி கன்னத்தில் வழிந்து ஓடுகிறது.

இன்னொரு பகுதி வேறு வழியில் போகிறது. கண்ணின் ஓரத்தில், மூக்குப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அங்கிருந்து மூக்குக்கு ஒரு குழாய் போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். கண்ணில் மருந்து விட்டால் சிலருக்குத் தொண்டை கசக்கும். அதுவும் இதனால்தான்.

கடைசியில் கண்ணுக்கு உள்ளே போய்ச் சேர்வது எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் 100-ல் 5 பங்குக்கும் குறைவு.

மூக்குக்குப் போன மருந்து சும்மா இருக்காது. அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும். கண் அழுத்த நோய்க்கு டிமோலால் என்ற சொட்டு மருந்து கொடுப்பார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அது இரத்தத்தில் கலந்தால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறல் வரலாம். இதயத் துடிப்பு குறையலாம். கண்ணில் விட்ட ஒரு சொட்டு நெஞ்சு வரை போகிறது. அதனால் கண் மருத்துவரிடம் போகும்போது ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மருந்தைக் கண்ணில் நிறுத்துவது எப்படி?

கண்ணீர் மருந்தைக் கழுவிவிடுகிறது. அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க விஞ்ஞானிகள் பல வழிகளைக் கண்டார்கள்.

மருந்தைக் கொஞ்சம் கெட்டியாக்கினார்கள். கஞ்சி போல இருந்தால் சீக்கிரம் ஓடாது. கண்ணுக்கென்று தனிக் களிம்பு செய்தார்கள். அது அதிக நேரம் தங்கும். ஆனால் பார்வை மங்கலாகத் தெரியும். அதனால் பெரும்பாலும் இரவில் போடச் சொல்கிறார்கள்.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு வழி வந்தது. கீழ் இமைக்குள் வைக்கும் சின்ன வில்லை. அது ஒரு வாரம் வரை கண் அழுத்த நோய்க்கான மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. நல்ல யோசனைதான். ஆனால் சிலருக்கு உறுத்தியது. சிலருக்குத் தெரியாமலே வெளியே விழுந்தது. பிறகு அது விற்பனையில் இல்லாமல் போனது. மருந்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது. மக்களால் பயன்படுத்த முடிய வேண்டும்.

கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. சாதாரணச் சொட்டு மருந்து அங்கே போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. அதனால் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஊசி இல்லாமல் அங்கே மருந்தை அனுப்ப இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது.

வயலில் வரும் கண் புண்

நெல் சுணை பட்ட அம்மாவை மறக்கவில்லை. அவர் கண்ணில் என்ன நடக்கும்?

கண்ணின் முன்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதைக் கருவிழிப் படலம் என்கிறோம். சுணை, இலை, குச்சி பட்டால் அதில் கீறல் விழும். கீறல் வழியாகக் கிருமி நுழையும். கண்ணில் புண் வரும். வயலில் படும் காயத்தில் பூஞ்சைக் கிருமியும் நுழையலாம். மழைக்காலத்தில் ஊறுகாய் மேல் பூக்கிறதே, அந்த வகைதான் பூஞ்சை. புண் ஆறினாலும் படலத்தில் வெள்ளைத் தழும்பு விழும். பார்வை போகும்.

விளக்கெண்ணெய், இலைச்சாறு, தாய்ப்பால் ஆகியவற்றைக் கண்ணில் விடக் கூடாது. அவை கிருமி நீக்கியவை அல்ல. கீறல் விழுந்த கண்ணில் அவற்றை விட்டால் புதுக் கிருமியையும் சேர்த்து விட்டது போலாகும்.

அப்படியானால் என்ன செய்வது? நேபாள நாட்டில் பக்தபூர் என்ற பகுதியில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் கீறல் பட்டு வந்தவர்களுக்கு அவர்கள் உடனே கிருமியைக் கொல்லும் கண் களிம்பு போட்டார்கள். தினம் மூன்று முறை, மூன்று நாள் போட்டார்கள். முடிவு 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது.

அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து போட்டவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் முழுதும் தள்ளி, இரண்டாம் நாளில் வந்தவர்கள் 49 பேர். அவர்களில் 14 பேருக்குக் கிருமி பற்றிவிட்டது.

களிம்பு ஒன்றுதான். வித்தியாசம் நேரத்தில்தான் இருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்தால் கண் போகலாம்.

பூஞ்சைப் புண் வந்துவிட்டால் அதற்குத் தனி மருந்து வேண்டும். நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. இது பழைய மருந்து. தண்ணீரில் சரியாகக் கரையாது. கண்ணுக்குள் ஆழமாகவும் போகாது. வோரிகோனசோல் என்ற புது மருந்து நன்றாக உள்ளே போகும். அப்படியானால் புது மருந்துதானே நல்லது? பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 323 நோயாளிகள் இதில் பங்கு பெற்றார்கள். 2013-ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. பழைய மருந்துதான் ஜெயித்தது. நாட்டாமைசின் போட்டவர்களுக்குப் பார்வை கூடுதலாகத் திரும்பியது. ஆழமாக நுழையும் மருந்துதான் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நாட்டாமைசின் கரையாத மருந்து அல்லவா? அது புட்டியின் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் நீர்தான் கண்ணில் விழும். அதனால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு மணிக்கு ஒரு முறைகூட விடச் சொல்வார்கள். கண்ணீர் கழுவிக்கொண்டே இருப்பதுதான் காரணம். அலுப்புப் பார்க்கக் கூடாது.

அரிப்பு போகும், நோய் பரவும்

இனி படர்தாமரை வந்த இளைஞரைப் பார்ப்போம்.

கடையில் வாங்கிய களிம்பைத் தடவினார். இரண்டே நாளில் அரிப்பு போனது. சிவப்பும் குறைந்தது. "நல்ல மருந்து" என்று மகிழ்ந்தார். சில நாளில் மீண்டும் வந்தது. மீண்டும் தடவினார். படர்தாமரை வயிறு வரை பரவியது. தடவிய இடத்தில் தோல் மெலிந்து கோடு கோடாக வெடித்தது.

ஏன் இப்படி ஆனது? அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருந்தது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. கரப்பான் போன்ற நோய்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். கண் அறுவைக்குப் பிறகும் கொடுக்கிறார்கள். அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். ஆனால் கிருமியைக் கொல்லாது. கிருமியோடு சண்டை போடும் உடம்பின் பலத்தையும் அடக்கிவிடும். அதனால் மேலே நோய் மறைகிறது. உள்ளே பூஞ்சை வளர்கிறது. இடுக்குத் தோல் மெல்லியது அல்லவா? அங்கே மருந்தும் அதிகமாக உள்ளே போகிறது.

முகம் வெளுக்க வேண்டும் என்று சிலர் இந்த வகைக் கிரீமைத் தினமும் பூசுகிறார்கள். முதலில் பளிச்சென்று இருக்கும். பிறகு முகம் சிவக்கும். பரு வரும். முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இப்படிக் கெட்டுப்போன முகங்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் குரல் கொடுத்தார்கள். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அது சொல்கிறது.

கண்ணில் இதன் ஆபத்து இன்னும் பெரியது. வெயில் காலத்தில் சில குழந்தைகளுக்குக் கண் அரிக்கும், சிவக்கும். ஸ்டீராய்டு சொட்டு விட்டால் உடனே சரியாகும். பெற்றோர் பழைய சீட்டை வைத்து மீண்டும் மீண்டும் வாங்கி விடுகிறார்கள். மாதக் கணக்கில் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். கண்புரையும் வரலாம். அழுத்தம் ஏறினால் வலி தெரியாது. பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சாகும். அப்படிப் போன பார்வை திரும்பி வராது.

அரிப்புக்குப் போட்ட மருந்து, பார்வையைக் கொண்டு போகலாமா?

கண்ணில் மருந்து விடும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். கீழ் இமையைக் கீழே இழுத்தால் சின்னப் பை போல வரும். அதில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டு சொட்டு விட்டால் இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும்.

புட்டியின் நுனி கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது.

பிறகு கண்ணை மெல்ல மூட வேண்டும். மூக்குப் பக்க ஓரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். மூக்குக்குப் போகும் குழாய் அடைபடும். மருந்து கண்ணில் தங்கும். இரத்தத்தில் கலப்பது குறையும்.

இரண்டு மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடம் விட வேண்டும். சொட்டு முதலில், களிம்பு பிறகு.

திறந்த புட்டியைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மருந்து மீதி இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். ஒருவர் மருந்தை இன்னொருவர் விடக் கூடாது.

எழுத்து காக்கும்

மருந்து டியூபில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எண்கள் எல்லோருக்கும் பொது. எந்த மாதம், எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டிய மருந்து.

தோல் களிம்பு டியூபும் கண் களிம்பு டியூபும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காதுச் சொட்டுப் புட்டியும் கண் சொட்டுப் புட்டியும் அப்படித்தான். இரவில் விளக்கு மங்கலாக இருந்தால் மாறிவிடும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மருந்து வாங்கியதும் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு பேனாவை எடுத்து அட்டையின் மேல் எழுத வேண்டும்:

"கண்ணுக்கு மட்டும். அம்மாவுக்கு. திறந்த நாள் 5."

எழுதக் கற்ற கை ஒரு வரி எழுதினால் போதும். வீட்டில் உள்ள எல்லோருடைய கண்ணையும் அது காக்கும்.